மொழிபெயர்ப்பாளரின் கை: வில்லி போபோவை முன்வைத்து

சான்டானா என்று சொன்னால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கிட்டார். நீண்டு முறுகி அழுகிற அந்த ஒற்றை ஸ்வரம். 1969இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் ‘ஈவில் வேஸ்’ என்றொரு பாட்டு இருக்கிறது. அடுத்த வருடம் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போன பாட்டு. லத்தீன் ராக் என்ற வகைமையை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய பாடல்களில் ஒன்று என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அதே பாட்டு 1967லேயே ‘போபோ மோஷன்’ என்ற ஆல்பத்தில் வந்துவிட்டது. எழுதியவர் சன்னி ஹென்றி என்ற கிட்டார்காரர். ஆல்பத்தின் உறையில் இருந்த பெயர் வில்லி போபோ. டிம்பாலிஸ் வாசிப்பவர்.

‘அசல் யாருடையது’ என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பாட்டை முறைப்படி எடுத்துத்தான் பாடினார்கள், அதில் திருட்டு ஒன்றும் இல்லை. எனக்குப் பிரச்சினை அந்தக் கதை சொல்லப்படும் விதத்தில்தான். ‘ஒருபக்கம் லத்தீன் இசை இருந்தது, இன்னொரு பக்கம் ராக் இருந்தது, சான்டானா வந்து இரண்டையும் சேர்த்தார்’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனா அந்த இணைப்பு கிட்டாரில் நடக்கவில்லை. அது அதற்கு முன்பே தோலில் நடந்து முடிந்திருந்தது.

போபோவின் நிஜப்பெயர் வில்லியம் கொரியா. 1934இல் நியூயார்க்கின் ஸ்பானிஷ் ஹார்லெமில், புவேர்ட்டோ ரிக்கோ குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்திலேயே கறுப்பர்களின் ஹார்லெம். வீட்டில் ஸ்பானிஷ், தெருவில் ஆங்கிலம். கியூபாவிலிருந்து வந்து சேர்ந்த காங்கா மேதை மோங்கோ சான்டாமரியாவுக்கு ஆங்கிலம் பிடிபடவில்லை. இளைஞனான போபோ அவருக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூடவே இருந்தார். பதிலுக்கு மோங்கோ அவருக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தார். சம்பளத்துக்குப் பதில் பாடம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

எனக்கு அவருடைய இசையைத் திறக்கும் சாவி இந்த ஒப்பந்தம்தான். பிறகு டிட்டோ புவேன்டேவின் குழுவில் வாசித்தார். 1950களின் இறுதியில் மோங்கோவோடு சேர்ந்து கால் ஜேடரிடம் போனார். 1963இல் ஹெர்பி ஹான்காக்கின் ‘இன்வென்ஷன்ஸ் அண்ட் டைமன்ஷன்ஸ்’ பதிவில் இருந்தார். அந்த ஆல்பத்தில் ஊதுகுழல்களே கிடையாது; பியானோ, பேஸ், தாளம் மட்டும்தான். மாம்போ, ஜாஸ் என்று எங்கே போனாலும் அவர் வேலை ஒன்றேதான்: ஒரு தாளமொழியில் இருப்பதை இன்னொன்றில் புரிய வைப்பது.

எப்படிச் செய்தார்? கொஞ்சம் கைதட்டிப் பார்த்தால் பிடிபடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். சோல் இசையில் தட்டு விழுவது இரண்டிலும் நான்கிலும். தேவாலயத்தில் கைதட்டுகிறவர்களும் அங்கேதான் தட்டுவார்கள். இப்போ காங்காவின் அடிப்படை நடையை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் தும்பாவ். அதில் இரண்டாவது அடியில் உள்ளங்கை ‘பட்’ என்று அறையும். நான்காவது அடியிலும் அதை ஒட்டிய அரையடியிலும் தோல் திறந்து ‘தும் தும்’ என்று முழங்கும். அதே இரண்டு, அதே நான்கு! வேறு வேறு ஊர்களில் வளர்ந்த இரண்டு தாளங்கள் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகின்றன. இடையில் இருப்பவைதான் வேறு. சோல் அங்கே காலியிடம் விடும், கியூபத் தாளம் அதைச் சின்னச் சின்ன விரல்தட்டுகளால் நிரப்பும்.

இதைக் கண்டுபிடித்தவர் போபோ இல்லை. 1960களின் நடுவில் நியூயார்க்கின் புகலூ இளைஞர்கள் பலரும் இதைக் கைப்பற்றியிருந்தார்கள். மற்ற பல பதிவுகளில் இரண்டு தாளங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஆரவாரம் செய்யும். போபோ அவசரப்பட மாட்டார். ‘ஸ்பானிஷ் கிரீஸ்’ (1965) கேளுங்கள். ஒரே சுழற்சி, திரும்பத் திரும்ப. டிம்பாலிஸின் உலோக உடம்பில் குச்சி தட்டும் சத்தம் மேலே, நிதானமான கனம் கீழே. யாரையும் ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் உங்கள் கால் எப்போது அசையத் தொடங்கியது என்று உங்களுக்கே தெரியாது.

அவரை வீணாகத் தூக்கிப்பிடிக்கவும் வேண்டாம். வெர்வ் நிறுவனத்துக்காக அவர் செய்த ஆல்பங்களில் சரக்கு இல்லாத இடங்கள் நிறைய. அன்றைய வானொலி ஹிட்டுகளை எடுத்து லத்தீன் சாயம் பூசிக் கொடுத்த பாட்டுகள் அவை. ‘உனோ டோஸ் ட்ரெஸ்’ (1966) என்ற ஆல்பத் தலைப்பே லென் பாரியின் ‘1-2-3’ என்ற ஹிட்டின் ஸ்பானிஷ் வடிவம்தான். ஆனால் அதே தட்டில்தான் ‘ஃப்ரைடு நெக் போன்ஸ் அண்ட் சம் ஹோம் ஃப்ரைஸ்’ இருக்கிறது. தலைப்பில் இருப்பது பொரித்த கழுத்தெலும்பும் உருளைக்கிழங்கு வறுவலும். கறுப்பர் வீட்டுச் சாப்பாட்டின் பெயரை ஒரு புவேர்ட்டோ ரிக்கன் தன் பாட்டுக்கு வைக்கிறார். சான்டானா குழு 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் வாசித்தவற்றில் ‘ஈவில் வேஸ்’ மட்டுமல்ல, இந்தப் பாட்டும் உண்டு.

இரண்டு ‘ஈவில் வேஸ்’களையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். சான்டானாவினுடையதில் ஒரு நாடகம் இருக்கிறது. கிரெக் ரோலியின் ஆர்கன் சூடேற்றுகிறது, கடைசியில் வேகம் எகிற, கிட்டார் பாய்ந்து வெளியே வருகிறது. வெடிப்பை நோக்கிப் போகும் அமைப்பு. போபோவினுடையது எங்கேயும் போகவில்லை. தெருமுனையில் நின்றபடி, பாதிச் சிரிப்போடு புகார் சொல்கிற மாதிரி ஓடி முடிந்துவிடுகிறது. எது சிறந்தது என்று கேட்டால், மேடைக்கு சான்டானா. இரவு பதினொரு மணிக்கு, தனியாக இருக்கும்போது, எனக்கு போபோ.

காஃப்காவின் முன்னோடிகளைப் பற்றி போர்ஹெஸ் எழுதிய கட்டுரை இங்கே உதவும். ஒவ்வொரு எழுத்தாளரும் தன் முன்னோடிகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். அது போபோவுக்கு நடந்தது உண்மை. இன்று அவரைத் தேடிப் போகிறவர்களில் பலர் சான்டானா வழியாகத்தான் போகிறார்கள். ஆனால் இதில் போர்ஹெஸ் கவலைப்படாத ஒரு நஷ்டம் இருக்கிறது. முன்னோடி என்று பெயர் வைத்ததும், அவர் செய்ததை நாம் முன்வரைவாகக் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். ‘இங்கே இன்னும் கிட்டார் வரல பாரு’ என்று காத்திருக்கிறோம். வராத ஒன்றுக்காகக் காத்திருக்கும் காதில் வந்திருப்பது எப்படி விழும்?

தாளக்காரரின் செல்வாக்கு ராகமாகப் பயணிப்பதில்லை. அது கையிலிருந்து கைக்குப் போகிறது. 1971 மார்ச் 6, கானாவின் அக்ரா நகரில் ‘சோல் டு சோல்’ என்ற பெரிய இசைவிழா. சான்டானாவின் டிம்பாலிஸ் வாசிப்பாளர் செபிட்டோ அரியாஸ் உடல்நலமில்லாமல் இருந்ததால், அந்த இடத்தில் நின்று வாசித்தவர் வில்லி போபோவேதான். முன்னோடி வந்து சீடர்கள் குழுவில் மாற்று ஆட்டக்காரராக நிற்கிறார்! அடுத்து அதே இடத்துக்கு வந்தவர் கோக் எஸ்கோவீடோ. அவர் பங்களித்து அதே வருடம் வந்த ‘நோ ஒன் டு டிபெண்ட் ஆன்’ பாட்டின் அடித்தளம், ‘ஸ்பானிஷ் கிரீஸ்’ஸின் அதே சுழற்சி. கோக் பிறகு தன் அண்ணன் பீட்டோடு சேர்ந்து ‘அஸ்டெகா’ குழுவைத் தொடங்கினார். பீட்டின் மகள் ஷீலா 1980களில் பிரின்ஸோடு சேர்ந்து டிம்பாலிஸை பாப் மேடையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். போபோவின் மகன் எரிக், 1990களில் சைப்ரஸ் ஹில் என்ற ராப் குழுவின் தாளக்காரரானார். போபோ இதையெல்லாம் பார்க்கவில்லை. 1983இலேயே, ஐம்பது வயதை எட்டாமல் இறந்துபோனார்.

ஒரு நல்ல ரஷ்ய நாவலை நண்பருக்குப் பரிந்துரைக்கும்போது நம்மில் எத்தனை பேர் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம்? அந்த வாக்கியங்களின் மூச்சு அவருடையது என்று தெரிந்தும் விட்டுவிடுகிறோம். நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களில் காங்காவை ‘தும்பா’ என்பார்கள். அது காங்காக்களில் பெரியதற்கு ஸ்பானிஷில் இருக்கும் பெயர். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்து, எந்தக் கப்பலில் ஏறி அந்தச் சொல் இங்கே இறங்கியதோ! வாசித்தவர்களின் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. வாத்தியத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

அடுத்த முறை ‘ஈவில் வேஸ்’ கேட்டால், கிட்டார் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் சில நொடிகளிலேயே, இரண்டாவது அடியில் விழும் அந்த அறையைப் பிடியுங்கள். பாட்டு அங்கேயே தொடங்கிவிட்டது.