வஸீர் மஹ்மூது காவான்: வரலாறும் புகழுரையும்

தக்கணத்து பஹ்மனி அரசின் வஸீர் மஹ்மூது காவானைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அன்னாரின் கொலையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகின்றனர். போலிக் கடிதம், மதுமயக்கத்திலிருந்த சுல்தான், வாளுக்குக் கீழே கலிமா மொழிந்த முதியவர். உள்ளத்தை உருக்கும் காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கண்ணீர், ஏறத்தாழ 28 ஆண்டுகள் ஓர் அரசில் பணியாற்றியவரின் ஆட்சித்திறனை எடைபோட விடாமல் நம் கண்ணை மறைத்துவிடுகிறது.

காஸ்பியன் கடலோரக் கீலானில், ஆட்சியாளர்களுக்கு அமைச்சர்களை அளித்து வந்த உயர்குடியில் பிறந்தவர் காவான். அரண்மனைப் பொறாமை தாயகத்திலேயே அவரைத் துரத்தியது. 1453ஆம் ஆண்டளவில், நாற்பது வயதைக் கடந்த வணிகராகத் தாபோல் துறைமுகத்தில் இறங்கி பீதர் வந்தடைந்தார். ஹுமாயூன் ஷா 'மலிக்குத் துஜ்ஜார்' பட்டம் அளித்தார். அவருக்குப் பின் சிறுவர்கள் அரியணையேறியபோது, அரசன்னையுடன் ஆட்சிப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டவர், 1466 முதல் மூன்றாம் முஹம்மது ஷாவின் தலைமை வஸீரானார்.

அன்னாரின் வாழ்க்கைமுறை குறித்து இரு சாட்சியங்கள் உள. பாயில் உறங்கி, மண்கலத்தில் சமைத்துண்டு, சொந்த வாணிப வருவாயில் மட்டுமே வாழ்ந்த ஃபகீராக அவரைக் காட்டுகிறார் ஃபிரிஷ்தா. காவானின் காலத்திலேயே பீதரில் தங்கியிருந்த ருஷ்ய வணிகர் நிகித்தின் கூறுவதோ வேறு: மலிக்குத் துஜ்ஜாரின் உணவு விரிப்பில் நாள்தோறும் 500 பேர், இலாயத்தில் 2,000 குதிரைகள், இரவெல்லாம் ஆயுதம் தாங்கிய காவலர். நாட்டுப்புறத்து மக்கள் வறியவர்களாகவும் பிரபுக்கள் செல்வத்தில் திளைப்பவர்களாகவும் இருந்தனர் என்றும் அவர் எழுதிவைத்தார்.

நம்மவர்கள் முதல் சாட்சியத்தை மட்டுமே எடுத்தாளுகின்றனர். ஃபிரிஷ்தா காவானுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். அவரும் ஈரானிலிருந்து தக்கணம் வந்த 'ஆஃபாக்கி'. தம் இனத்துப் பெருமகனிடம் அவருக்கிருந்த பற்றைக் கணக்கில் கொள்ளாமல் அவர் கூற்றை ஏற்பது ஆய்வு நெறியன்று. எனினும் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடவில்லை என்பதே நம் கருத்து. குதிரைகளும் காவலும் பதவிக்குரியவை, மண்கலம் மனிதருக்குரியது. கொலைக்குப் பின் சுல்தான் கருவூலத்தைச் சோதித்தபோது, படைச்செலவுக்கு ஒரு கணக்கும் ஏழைகளுக்கு ஒரு கணக்குமாகப் பிரிந்திருக்க, சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை என்கிறது அதே ஃபிரிஷ்தாவின் வரலாறு.

மண்கலத்தைவிட அன்னாரின் சீர்திருத்தமே நம் கவனத்திற்குரியது. நான்காயிருந்த தரஃப்களை (மாகாணங்களை) எட்டாக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியைச் சுல்தானுக்குரிய காலிஸா நிலமாக ஒதுக்கினார். தரஃப்தார் கையில் ஒரே ஒரு கோட்டை. ஏனையவற்றுக்குச் சுல்தானே தளபதிகளை நியமித்தார். நிலத்தை அளக்கச் செய்தார். தக்கணிகளுக்கும் ஆஃபாக்கிகளுக்கும் பதவிகளைச் சமன் செய்து பகிர்ந்தார். எவர் அதிகாரத்தை இது குறைத்ததோ அவர் பகைவரானார். தெலங்கானா இரண்டாகப் பிளக்கப்பட்டதில் இழப்பெய்திய மலிக் ஹஸனே சதியின் தலைவர்.

கல்வித்துறையில் அன்னாரின் தொண்டு ஐயத்துக்கிடமற்றது. 1472இல் பீதரில் எழுந்த மதரஸாவின் வண்ண ஓடுகளை இன்றும் காணலாம். மவ்லானா ஜாமியோடு கடிதத் தொடர்பு இருந்தது. 'ரியாழுல் இன்ஷா' என்னும் அவரது கடிதத் தொகுப்பு 1948இல் ஹைதராபாத்தில் அச்சேறியது. அதன் நடை அலங்காரம் மிகுந்தது. சில இடங்களில் உவமைகளின் நெரிசலில் செய்தியே மூச்சுத் திணறுகிறது. ஆயினும் ஃபார்ஸி அறிந்தோர் பொறுமையோடு படித்தால், புகழுரைகளில் கிட்டாத காவானை அங்கே காண்பர்: போர்க்களத்தில் நிற்கும்போதே தலைநகரின் பகைவரை எண்ணி மனம் புழுங்கும் ஒருவர்.

தமிழ்நாட்டு முஸ்லிம்களாகிய நாம் தாண்டிச் செல்லலாகாத ஒன்றுண்டு. 1481 மார்ச்சில் சுல்தான் நேரில் நடத்திய படை காஞ்சிபுரம்வரை வந்து கோயிலைச் சூறையாடிற்று. அவ்வரசின் தலைமை வஸீர் காவானே. அந்நிகழ்வை விட்டுவிட்டு அன்னாரின் நீதியை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

சில வாரங்களில், ஹிஜ்ரி 886 ஸஃபர் மாதத்தில் (1481 ஏப்ரல்), கொண்டபள்ளிப் பாசறையில் அன்னாரின் முடிவு நேர்ந்தது. முத்திரை காத்த அடிமையை மதுவால் மயக்கி, வெற்றுத்தாளில் முத்திரை பெற்று, ஒரிஸ்ஸா மன்னருக்கு எழுதியதாகக் கடிதம் புனைந்தனர். முத்திரை தமதே, எழுத்து தமதன்று என்றார் காவான். வாதிப்பவரே சான்று காட்ட வேண்டும் என்பது ஃபிக்ஹின் முதற்பாடம். அங்கே காழியும் இல்லை, சாட்சியும் இல்லை. எட்டுத் தரஃப்களுக்கு வரம்பு வகுத்தவர் தம் முத்திரைக்கும், தம் சுல்தானின் வாளுக்கும் வரம்பு வகுக்கவில்லை. பின்னதை வகுக்க அக்காலத்தில் எந்த வஸீராலும் இயன்றிராது. முன்னதை அப்படிச் சொல்வதற்கில்லை.

1482இல் சுல்தானும் இறந்தார். பத்தாண்டுகளுக்குள் பிஜாப்பூர், காவானின் அரவணைப்பில் வளர்ந்த யூசுஃப் ஆதில்கானின் தனியாட்சியாயிற்று. அஹ்மத்நகர் அரசோ மலிக் ஹஸனின் மகன் நிறுவியது.