கிட்டார் பெரிசா, கை சின்னதா?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கிட்டார் ஒன்பது வருஷம் கிடந்தது. அக்காவுடையது. ஆறு மாதம் வகுப்புக்குப் போனாள். எஃப் கார்டு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு வலது தோளில் வலி, இடது மணிக்கட்டில் வலி. சொல்லிக்கொடுத்தவர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை சின்னதும்மா, கீபோர்டு பழகலாமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் அக்கா அதை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டாள். இன்னைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "எனக்குக் கை பத்தாதுப்பா" என்று முடித்துவிடுவாள்.

போன வருஷம் அதை இறக்கித் துடைத்து, புதுக் கம்பி மாட்டி, நான் பழக ஆரம்பித்தேன். என் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். கை ஒன்றும் சின்னதில்லை. மூன்றாவது வாரம் எனக்கும் அதே வலது தோள், அதே வலி. அப்போதுதான் அளவுநாடாவை எடுத்தேன். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் குறிப்பு. பழகுகிறவர் உடம்பில் குறை தேடுவதற்கு முன்னால் வாத்தியத்தின் உடம்பை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் "சின்னக் கிட்டார் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்கிறார்களே, அதிலும் பாதிதான் உண்மை. இரண்டையும் பார்த்துவிடலாம்.

போர்க்கப்பலின் பெயர்

கடையில் போய் "கிட்டார் கொடுங்க" என்றால் பெரும்பாலும் கையில் வருவது ட்ரெட்நாட் என்ற வடிவம். அகன்ற தோள், பெரிய வயிறு, அதிகம் குறுகாத இடுப்பு. பெயர் 1906-ல் கடலில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916-ல் ஆலிவர் டிட்சன் என்ற இசைக்கருவி வணிக நிறுவனத்துக்காக இந்த வடிவத்தைச் செய்து கொடுத்தது. தன் சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்தது 1931-ல்தான். 1933-ல் பாடும் கௌபாய் நடிகர் ஜீன் ஆட்ரி, தன் பெயரைப் பதித்து ஒரு டி-45 செய்து வாங்கினார். பாடுகிறவரின் குரலுக்குப் பின்னால் கனமாக நிற்கும் கிட்டார், மைக் சரியாக இல்லாத கூடத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் கிட்டார் என்று இதற்குப் பெயர் வந்தது. அன்றைய தேவை அது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

இதே மார்ட்டினின் பழைய அளவு எண்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் எண் குறையக் குறைய கிட்டார் பெரிசு. அப்படிப் பார்த்தால் 1 என்பதுதான் மிகப் பெரிசு. அதையும் தாண்டிப் பெரிசாகச் செய்தபோது எண் தீர்ந்துபோய் 0 என்று வைத்தார்கள். பிறகு 00. 1902-ல் 000. அதாவது இன்று கடைக்காரர் "இது சின்ன பாடி சார், லேடீஸுக்கு நல்லா இருக்கும்" என்று எடுத்துக் காட்டும் 000 வடிவம், பிறந்தபோது அந்த நிறுவனத்தின் ராட்சசக் கிட்டார்! கிட்டார் சிறுத்துப் போகவில்லை. நடுவில் வந்த ஒரு பெரிய கிட்டாரை நாம் சாதாரண அளவு என்று பழகிக்கொண்டோம், அவ்வளவுதான்.

சத்தம்தான் காரணம் என்றால் அந்தக் காரணமும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எரிக் கிளாப்டன் 1992-ல் "அன்பிளக்டு" நிகழ்ச்சியில் வாசித்தது 1939-ஆம் வருஷத்து 000-42. ஜோன் பயஸ் கையில் இருந்தது அதைவிடச் சிறிய 0-45. எட் ஷீரன் ஒரு குட்டி மார்ட்டினை வைத்துக்கொண்டு விளையாட்டரங்கத்தை நிரப்பினார். பிக்கப்பும் மைக்கும் வந்தபின் கடைசி வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது வாத்தியத்தின் வயிறு அல்ல. ஆனால் படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து நான்கு கார்டு பழகுகிற பிள்ளைக்கும் நாம் அந்தப் பெரிய வயிற்றைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம்.

சின்னது என்றால் எது சின்னது?

இங்கேதான் குழப்பம். "சின்னக் கிட்டார்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். ஆனால் அதில் வெவ்வேறு அளவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு இடத்தைத் தொடுகிறது.

முதலில் அகலமும் ஆழமும். மார்ட்டின் ட்ரெட்நாட்டின் மிக அகலமான இடம் சுமார் 397 மி.மீ., 000-வில் 381. வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம்தான் மேல், பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் ஆழத்தைப் பாருங்கள். ட்ரெட்நாட்டின் அடிப்பக்கம் சுமார் 124 மி.மீ., 000-வில் 105. வலது கை உடம்பின் மேல் ஏறி வளைந்து கம்பிக்கு வர வேண்டும். ஆழம் கூடினால் முழங்கை வெளியே தள்ளப்படும், தோள் மேலே ஏறும். அரைமணி நேரம் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், கிட்டாரே வேண்டாம், வலி தானாக வரும். அதோடு 000-வுக்கு இடுப்பு ஒடுக்கம். தொடையில் அது இறங்கி உட்காரும். ட்ரெட்நாட் தொடையின் மேல் உயரமாக நிற்கும். தோள் வலியைப் பொறுத்தவரை அகலத்தைவிட ஆழமும் இடுப்பும்தான் பெரிய விஷயம் என்பது என் முடிவு.

இரண்டாவது ஸ்கேல். மேலே நட் என்கிற கட்டையிலிருந்து கீழே பிரிட்ஜ்வரை அதிரும் கம்பியின் நீளம். இது இடது கையின் விவகாரம், பாடியோடு நேரடி சம்பந்தம் கிடையாது. ட்ரெட்நாட்டில் 645 மி.மீ. டெய்லரின் ஜி.எஸ். மினியில் 597. முதல் மூன்று ஃப்ரெட்டுக்கு விரலை விரிக்க வேண்டிய தூரம் முன்னதில் கிட்டத்தட்ட 103 மி.மீ., பின்னதில் 95. எட்டு மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரலுக்குப் பெரிய சலுகை.

பெட்டி வேறு, நீளம் வேறு என்பதற்கு நம் ஊர்க் கடைகளிலேயே உதாரணம் உண்டு. ஆரம்பப் பாடத்துக்கு அதிகம் பேர் வாங்கும் யமஹா எஃப்310 பார்வைக்கு முழு ட்ரெட்நாட். ஆனால் ஸ்கேல் 634 மி.மீ.தான். அதே நிறுவனத்தின் சிறிய பெட்டி எஃப்.எஸ்.800-க்கும் 634. அதன் பெரிய ஜோடி எஃப்.ஜி.800-க்கு 650. பெட்டியைப் பார்த்து இடது கைக்கு எது சுலபம் என்று சொல்ல முடியாது. தாளில் போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கம்பியின் இழுவிசை. சின்னக் கிட்டார் என்றால் விரலுக்கு மெதுவாக இருக்கும் என்பார்கள். ஒரே கம்பி, ஒரே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 645-லிருந்து 597-க்கு வந்தால் சுமார் 14 சதவீதம் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜி.எஸ். மினி கடையிலிருந்து வரும்போதே 13-ல் தொடங்கும் மீடியம் கம்பியோடு வருகிறது. பெரிய கிட்டார்களில் பரவலாக இருப்பது 12-ல் தொடங்கும் லைட் கம்பி. முதல் கம்பிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளத்தால் கிடைத்த லாபத்தை தடிமன் அப்படியே திருப்பி வாங்கிக்கொள்கிறது. சின்னப் பெட்டியில் கம்பி தொளதொளத்து இரையாமல் இருக்க வேண்டும், சத்தமும் வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நியாயம்தான். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

எதை இழக்கிறோம்

சின்னதில் எல்லாமே லாபம் என்று சொன்னால் அது விளம்பரம். தண்ணீர்க் குழாயடியில் குடம் நிறையும்போது சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய ஒலி மேலே ஏறிக்கொண்டே போகும். கிட்டார் பெட்டியும் துளை போட்ட குடம்தான். ட்ரெட்நாட்டின் காற்று அதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். அதனால்தான் 82 ஹெர்ட்ஸில் இருக்கும் ஆறாவது கம்பிக்குப் பக்கபலம் கிடைத்து, அடித்தால் நெஞ்சில் படுகிறது. பெட்டி சிறுத்தால் அந்த அதிர்வு மேலே போகும், அடிநாதம் மெலியும்.

ஸ்ட்ரம் செய்துகொண்டு உரக்கப் பாடுகிறவருக்கு இது உண்மையான நஷ்டம். புளூகிராஸ் குழுவில் பாஞ்சோவும் ஃபிடிலும் சுற்றி நின்று வாசிக்கும்போது ட்ரெட்நாட்டுக்கு இன்றும் வேலை இருக்கிறது. விரலால் மீட்டுகிறவருக்கோ கதை வேறு. அடிநாதம் மற்றதை விழுங்காமல் ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கும். மைக் வைத்துப் பதிவு செய்தாலும் வெட்டிச் சரிசெய்ய வேண்டியது குறைவு. சின்னப் பெட்டியின் ஒலி குறைந்த ஒலி இல்லை, வேறு ஒலி. எது வேண்டும் என்பது நீங்கள் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அக்காவின் கிட்டாரை அளந்தபோது

சரி, பரணிலிருந்து இறங்கியதற்கு வருவோம். அகலம் 40 சென்டிமீட்டருக்கு மேல். ஆழம் 12. ஸ்கேல் 650. இது வரை எதிர்பார்த்ததுதான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 4 மி.மீ. வழக்கமாக இரண்டரையைச் சுற்றி இருந்தால் போதும். அடுத்து, மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பார்த்தேன். மெல்லிய தாள் நுழைகிற அளவுதான் இருக்க வேண்டும். இதில் விசிட்டிங் கார்டே நுழைந்தது. நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களைச் சரியாக அறுக்காமலே விற்றிருக்கிறார்கள். எஃப் கார்டு முதல் ஃப்ரெட்டில்தான் பிடிக்க வேண்டும். அந்த நட்டோடு பெரிய கைக்காரனுக்கே அது சண்டைதான்.

ஆக, அக்காவுக்கு இருந்தது இரண்டு தனித்தனிப் பிரச்னை. தோள் வலிக்குக் காரணம் பெட்டி. மணிக்கட்டு வலிக்குக் காரணம் பெட்டி இல்லை, செட்டப். அன்று யாராவது சின்னக் கிட்டார் வாங்கிக் கொடுத்திருந்து, அதன் நட்டும் இப்படி இருந்திருந்தால், அவள் அதையும் பரணில்தான் வைத்திருப்பாள். கையின் அளவு மூன்றாவதாகத்தான் கணக்கில் வரும். அன்று எல்லாரும் முதலில் பார்த்ததும் கடைசியாகப் பார்த்ததும் அதை மட்டும்தான்.

அதனால் நண்பர்கள் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் இருக்கிற கிட்டாரை ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்து நட்டையும் ஆக்‌ஷனையும் சரிசெய்யுங்கள். மெல்லிய கம்பி மாட்டுங்கள். அப்புறமும் இடது கை விரியவில்லை என்றால் ஒரு கேபோ போதும். முதல் ஃப்ரெட்டில் மாட்டி, எல்லாக் கம்பியையும் அரை சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். 650 மி.மீ. கிட்டார் 614 ஆகிவிடும், சுருதி மாறாது. ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். கைக்கு இதம் என்றால் குறைந்த ஸ்கேல் தேடலாம். தோள்தான் பிரச்னை என்றால் ஆழம் குறைந்த, இடுப்பு ஒடுங்கிய பெட்டியைத் தேடுங்கள். கடையில் நின்றுகொண்டு வாசித்துப் பார்க்காதீர்கள். கை வைக்காத நாற்காலி ஒன்று கேட்டு இருபது நிமிஷம் உட்காருங்கள். தோள் உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்கும்.

தீபாவளிக்கு அக்கா வந்தபோது சரிசெய்த கிட்டாரைக் கொடுத்தேன். மறுத்தாள், பிறகு வாங்கினாள். எஃப் கார்டில் ஐந்து கம்பி பேசியது, ஒன்று மட்டும் டொக்கென்றது. பிறகு நண்பனிடமிருந்து இரவல் வாங்கி வைத்திருந்த 000 வடிவக் கிட்டாரைக் கொடுத்தேன். தோளை ஒருமுறை குலுக்கிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசித்தாள். "அப்போ அந்த சாருக்கு இதெல்லாம் தெரியாதாடா?" என்று கேட்டாள்.

தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவரும் அதே அளவுக் கிட்டாரில், அதே வலியோடு பழகியிருப்பார். வலித்தால்தான் வித்தை வரும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். விரல்நுனி காய்ப்பது வித்தையின் வலி. அது சில வாரத்தில் போய்விடும். தோளும் மணிக்கட்டும் வலிப்பது வாத்தியத்தின் புகார். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அக்கா திரும்ப வாசிப்பாளா என்று கேட்டால், "நேரம் எங்கடா இருக்கு" என்கிறாள். அது நியாயமான காரணம். கை பத்தாது என்பதைப் போல இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால், விற்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேலும் ஒரு துண்டுத் தாளும் எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் அளந்து பாருங்கள்.