கிழவர் வேடத்தில் ஒரு குமரன்

திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. கந்தசஷ்டி அன்று மற்ற முருகன் கோயில்களில் சூரன் வீழ்ந்துகொண்டிருக்க, இந்த மலையில் கூடை கூடையாகப் பூக்களைக் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். சினம் தணிந்து வந்த முருகன் வள்ளியைக் கைப்பிடித்த இடம் இது என்கிறது தலபுராணம். போரை முடித்துவிட்டுக் காதலிக்க வந்த சாமி.

தமிழ்ப் பக்திப் படங்களின் ஆகச் சிறந்த காதல் காட்சியும் இந்தச் சாமிக்கு வாய்த்ததுதான். வேடர் தலைவன் நம்பிராஜன் மகள் வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடுகிறாள். நாரதர் சொல்லக் கேட்ட முருகன் வேடனாக வருகிறான். ஆள் அரவம் கேட்டதும் வேங்கை மரமாக நிற்கிறான். கடைசியில் தள்ளாடும் கிழவராகி, தேனும் தினைமாவும் கேட்கிறான். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’ நாடக மரபில் இந்த வேடத்துக்கு வேலன், வேடன், விருத்தன் என்று மூன்று முகங்கள். எனக்கு விருத்தன்தான் உயர்வு. முதுகு வளைய வேண்டும், குரல் நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்துக்குள்ளேயே ஒரு வாலிபனின் குறும்பும் கேட்க வேண்டும். வள்ளிக்குத் தெரியக் கூடாது, நமக்குத் தெரிய வேண்டும். ஒட்டுத்தாடியை மட்டும் நம்பி வரும் நடிகர்கள் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த நாடகத்தில் முருகனும் வள்ளியுமாகப் பாடி, வாழ்க்கையிலும் சேர்ந்தவர்கள். கிட்டப்பா 1933இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார். அவருடைய உச்ச ஸ்தாயியின் வாரிசாக வந்தவர் டி.ஆர். மகாலிங்கம். ஏவி.எம்.மின் ‘ஸ்ரீ வள்ளி’யில் (1945) அவர் முருகனாகப் பாடும்போது, குரல் மேலே ஏறுவது தெரிவதே இல்லை, அங்கேயே பிறந்தாற்போல நின்று பிருகாக்களை உதிர்க்கிறது. வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணிக்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். சரியான முடிவு. முருகன் அந்த உயரத்தில் பாடினால், வள்ளியும் ஒரு படி தாழாமல் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாத வள்ளி வள்ளியே அல்ல.

இந்திப் படங்களும் பக்தியையும் காதலையும் பிரித்துப் பார்த்ததில்லை. ‘முகல்-ஏ-ஆஸ’மில் (1960) கிருஷ்ண ஜெயந்தி அன்று அக்பரின் அரண்மனையில் அனார்கலியாக மதுபாலா ஆடுகிறார், லதாவின் குரல், நௌஷாதின் இசை. முகலாய மாளிகைக்குள் கோகுலத்தைக் கொண்டுவந்து வைத்த அந்தக் காட்சியை எத்தனை முறையும் பார்க்கலாம். ஆனால் அங்கே, தன் ஏக்கத்தைச் சொல்ல ஒரு பெண் ராதையை இரவல் வாங்குகிறாள். அவளுடைய காதலனான இளவரசன் சலீமுக்கும் அவளுக்கும் நடுவில் கண்ணன் வருவதில்லை. நம் படத்தில் கடவுளே காதலன். வேடர் குலப் பெண்ணிடம் விக்கலுக்குத் தண்ணீர் கேட்டு நிற்கிறான், ஏச்சு வாங்குகிறான், அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்துத்தான் காரியம் சாதிக்கிறான். கொட்டகையே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பும் கும்பிடுதான்.

ஏ.பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’யில் (1967) சிவகுமார் முருகன், ஜெயலலிதா வள்ளி. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். அந்தச் சகோதரர்களோ சங்கரதாஸ் சுவாமிகளிடம் பாடம் கேட்டவர்கள். அதனால் வசனத்தில் மேடையின் தாளம் கேட்கிறது. கே.வி. மகாதேவனுக்கு இந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது; சிறந்த இசையமைப்புக்கென்று வழங்கப்பட்ட முதல் தேசிய விருது அது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி ஒலிபெருக்கிகளில் திருப்புகழுக்குப் பக்கத்தில் இத்தகைய படப் பாடல்களும் கூச்சமில்லாமல் ஒலிக்கின்றன. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். தெலுங்கு பேசும் காவடிக்காரர்களும் அந்த மெட்டுகளுக்குக் கால் மாற்றி ஆடுகிறார்கள்.

அதே படத்தில் ஔவையாராக வருகிறவர் சுந்தராம்பாள். ஒரு காலத்தில் கிட்டப்பாவுக்கு எதிரே வள்ளியாக நின்ற குரல், இப்போது குமரனுக்குப் பாட்டியாகப் பாடுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒரே ஒரு குறை. ஆறுபடை வீட்டையும் ஒரே படத்தில் சுற்றிவர வேண்டிய அவசரத்தில் வள்ளி கதை ஓட்டமாக ஓடிவிடுகிறது. நாடகத்தில் நாரதரோடு அவள் நடத்தும் தர்க்கத்துக்கு அங்கே நேரமில்லை. அதைக் கேட்க வேண்டுமானால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழா மேடைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே இன்றும் வள்ளி விடிய விடியக் கேள்வி கேட்கிறாள். நாரதர் வேர்த்து விறுவிறுத்துப் பதில் தேடுகிறார்.