அகக்கோயிலும் மெய்ந்நிகர் காட்சியும்

நோயுற்றாரின் உடலுக்கு மருந்தளிப்பதோடு உள்ளத்துக்கும் ஆறுதலளித்தல் வேண்டும் என்பது இக்காலத்து வைத்தியர் பலரும் ஒப்பும் கொள்கை. அதற்கெனத் தோன்றிய புதுக்கருவிகளுள் ஒன்று, கண்களை மறைத்துத் தலையில் அணியப்படும் மெய்ந்நிகர் காட்சிக் கருவி. படுக்கையிற் கிடப்பவர் அதன்வழியே கடற்கரையையும் கானகத்தையும் கண்டு, செவியில் ஒலிக்கும் குரலைப் பின்பற்றி மூச்சை நோக்கியிருப்பர். இதனை விழிப்புநிலைத் தியானம் என வழங்குகின்றனர். அப்பெயர் இதற்குப் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கருவியின் பயனை மறுத்தல் நேர்மையன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஹண்டர் ஹொஃப்மன், டேவிட் பற்றர்சன் ஆகியோர் தீப்புண்ணுற்றோர்க்கெனப் 'பனியுலகம்' என்னும் காட்சியை அமைத்தனர். புண்ணைத் துடைத்துக் கட்டும் கொடிய வேளையில் நோயாளி பனிப்பள்ளத்தாக்கினூடே சென்று பனியுருண்டை எறிவார். மனத்தின் கவனம் அளவுடையது. அதனைக் காட்சி கவர்ந்துகொள்ள, நோவுக்கு எஞ்சுவது சிறிதே. 2021 ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம், நாட்பட்ட இடுப்புவலிக்கென எட்டு வாரப் பயிற்சி தரும் இத்தகைய கருவியொன்றுக்கு அனுமதி வழங்கியது. 179 பேரிடம் நிகழ்ந்த சோதனையில், பயிற்சி பெற்றோருள் நூற்றுக்கு 66 பேர் தம் நோவு முப்பது வீதத்துக்கு மேற் குறைந்ததென்றனர். ஆயின், அப்பயிற்சியின்றித் தட்டையான காட்சியை மட்டும் கண்டோருள்ளும் நூற்றுக்கு 41 பேர் அவ்வாறே கூறினர். ஆதலின், பயன் முழுவதையும் கருவிக்கே உரித்தாக்குதல் பொருந்தாது.

இனிப் பெயரை நோக்குவோம். பாளி மொழியிற் 'சதி' எனப்படும் விழிப்பு இலங்கையர்க்குப் புதிதன்று. அதனை விளக்கி ஞானபொனிக்க தேரர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954 இல் இக்கொழும்பிலேயே வெளிவந்தது. 1979 இல் ஜோன் கபற்-சின் அதனை மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். அந்நெறியில் துன்ப உணர்ச்சி எழும்போது, அதனைத் துன்ப உணர்ச்சியென்றே அறிந்திருத்தல் வேண்டும். பனியுலகமோ அதனை மறக்கச் செய்கிறது. மறத்தலும் அறிதலும் ஒன்றாகா. முன்னதன் பயனைப் பின்னதன் பெயரால் வழங்குதல் பிழை.

என் அன்னையார் நீரிழிவுப் புண்ணுற்று வைத்தியசாலை விடுதியொன்றிற் கிடந்த நாள்களில், வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் இத்தகைய கருவியொன்றை அணிவித்தான். புண் கட்டும்போது அவர் முனகவில்லை. அதற்காக அவனை வாழ்த்தினார். ஆயின் அன்றிரவு, "தம்பி, அதைக் கழற்றியதும் கடலும் போய்விட்டது" என்றார். உறக்கம் வாராத பொழுதுகளில் அவர் கண்களை மூடி, கொம்பனித்தெருவில் எங்கள் வீட்டுப் படியிறங்கி, கியூ வீதி சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் வரை அடிமேல் அடிவைத்து நடந்து, வீதிவலம் வருவாராம். கால் வலிக்கும் இடத்தில் நின்று, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மீண்டும் நடப்பாராம். கால் ஊன்றமுடியாத ஒருவர் இதனைச் சொல்லக் கேட்டபோது, பல்லாண்டாக வகுப்பில் நான் கற்பித்த பூசலார் வரலாறு அன்றுதான் எனக்கு விளங்கியது.

திருநின்றவூர்ப் பூசலார் பொருளின்மையால் மனத்திலேயே கல்லும் மரமும் தேடி, தச்சரை அமைத்து, கோயிலெடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. காஞ்சியில் மன்னன் எடுத்த கற்றளியினும் அதனையே இறைவன் முற்படக் கொண்டான். அக்கோயிலின் பெருமை அதன் அழகிலன்று. ஒவ்வொரு கல்லும் அவர்தம் முயற்சியால் வைக்கப்பட்டமையிலாகும். பிறர் வரைந்து தந்த கடற்கரையில் நோயாளி விருந்தினர். தாம் எடுத்த கோயிலில் அவரே உரிமையாளர்.

எனவே புண் கட்டும் வேளைக்குக் கருவி வருக. அதனைத் தடுப்போர் நோவறியாதார். எஞ்சிய நெடும்பொழுதுக்கு, நோயாளியின் அருகமர்ந்து, அவர் மனத்துள் நடந்துசெல்ல விரும்பும் வீதி யாதெனக் கேட்கும் ஒருவர் வேண்டும். கருவியைக் கழற்றிய பின் நோயாளியிடம் எஞ்சுவது யாது என்னும் வினாவே இத்துறையில் எம்முயற்சிக்கும் உரைகல்லாகும்.