காலிக் கல்லும் கப்பல் தளபதியும்

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கல்லின் உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே நிற்கின்றன. கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி வாசகங்கள். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இந்தக் கல்லை மிங் பேரரசின் கப்பல் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1911இல் காலி நகரில் அது கிடைத்தது. சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ் வாசகம் தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தெனாவரை நாயினாருக்கும், பாரசீக வாசகம் இஸ்லாத்துக்கும் சொல்கின்றன. 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது.

செங் ஹேயை அமைதித் தூதராக முன்னிறுத்துவோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்தப் பார்வையால் விளைந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். மறதியில் கிடந்தவரை 1904இல் சீன அறிஞர் லியாங் சிச்சாவ் தம் கட்டுரையால் மீட்டார். வாஸ்கோ ட காமாவுக்கு முன்பே ஆசியர்களின் கப்பல்களால் நிறைந்திருந்த இந்தியப் பெருங்கடல் அதன்பின் பலர் கண்ணிலும் பட்டது. செங் ஹேயுடன் சென்ற மா ஹுவான் கோழிக்கோட்டு வணிகத்தை எழுதிவைத்திருக்கிறார்: விலை பேசி முடித்ததும் இரு தரப்பும் கைகோத்துக்கொள்வார்கள், பிறகு சரக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் சொன்ன சொல் மாறாது. அரசாணைகள் எதிலும் கிடைக்காத செய்தி இது.

ஆனால் கல்லை மட்டும் காட்டிவிட்டு நகர்வது பாதி வரலாறு. 1407இல் பலெம்பாங்கில் கடற்கொள்ளையர் தலைவன் சென் சூயியைப் பிடித்துப்போய் நான்ஜிங்கில் கொன்றார்கள். கல்லில் பொறித்த ஆண்டுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1411இல், இலங்கையின் ஆட்சியாளன் அழகேஸ்வரன் சிறைபிடிக்கப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டான். அவனே முதலில் தாக்கினான் என்கின்றன மிங் ஏடுகள். விரிவாகக் கிடைப்பதும் அவர்கள் தரப்பு மட்டுமே. முதல் பயணத்திலேயே 27,000க்கும் மேற்பட்டோர் சென்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் படைவீரர்கள். 2005இல் 600ஆம் ஆண்டு விழா எடுத்து ஜூலை 11ஐக் கடல்சார் நாளாக அறிவித்த சீன அரசின் பேச்சில் இவற்றுக்கு இடமில்லை.

எதிர்த்தரப்பும் எல்லை மீறுகிறது. வரலாற்றாசிரியர் ஜெஃப் வேட் இப்பயணங்களில் காலனியத்தின் முன்வடிவைக் கண்டார். படைபலத்தை நினைவூட்டியதில் அது தேவையான திருத்தம்தான். ஆனால் 1433இல் ஏழாம் பயணத்தோடு முயற்சியே நின்றுபோனது. நிலத்தைப் பிடித்து நிரந்தரமாக ஆண்டதும் இல்லை. இன்றைய சீனாவையும் இப்பயணங்களைக் கொண்டு விளக்க முடியாது: இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதை விளங்கிக்கொள்ளக் கடன் ஒப்பந்தங்களைப் படிக்கவேண்டும், மிங் ஏடுகளை அல்ல.

இரு தரப்புக்கும் செங் ஹே இன்றைய பெய்ஜிங்கின் நிழல். அதனால் கல்லில் தமிழ் ஏன் இடம்பெற்றது என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விடுகிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. சிவன் கோயிலோடு தொடர்புடையது. அங்கே தமிழ் வணிகர்கள் வாழ்ந்தார்கள். பேரரசர் பெயரால் வந்த காணிக்கையைக் கடலோர மக்களுக்குப் புரியும்படி சொல்ல, அரசவை தேடிப் பிடித்தது அந்த வணிகர்கள் பேசிய மொழியைத்தான்.