மாலும் ஷைஃயும்: ரோசன் மொழிபெயர்ப்பு குறித்துச் சில

கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதில் அல் குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ர் வல் முகாபலா நூலை, ஃபிரெடெரிக் ரோசன் 1831இல் லண்டனில் அரபு மூலத்துடன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவ்வுழைப்புக்கு அறிவுலகம் கடன்பட்டுள்ளது. ஆயினும் கலைச்சொற்களை அவர் கையாண்ட முறையை நம்மால் முழுதும் ஏற்க இயலவில்லை.

குவாரிஸ்மியிடம் குறியீடுகள் இல்லை. எண்களையும் சொற்களாலேயே எழுதுகிறார். தெரியாத கணியம் 'ஷைஃ', அதாவது ஏதோவொன்று. சமன்பாட்டில் அதுவே 'ஜித்ர்' எனும் வேர். வேரைத் தன்னாலேயே பெருக்கிப் பெறுவது 'மால்', செல்வம். ஒரு மால், நாற்பது ஷைஃயிலிருந்து நான்கு மால் குறைந்ததற்குச் சமம் என்றால், குறைந்த நான்கை ஈடுசெய்து ஐந்து மால் நாற்பது ஷைஃக்குச் சமம் என்பது 'ஜப்ர்'. முறிந்த எலும்பைச் சேர்ப்பதற்கும் அரபியில் இச்சொல்லே வழங்கும். இருபுறமுள்ள ஒரேவகை உறுப்புகளைக் கழித்து நேர்செய்வது 'முகாபலா'.

ரோசன் மாலை 'வர்க்கம்' என்றே பெயர்க்கிறார். ஆறுவகைச் சமன்பாடுகளில் இது பொருந்துகிறது. கணக்குகளுக்கு வந்தால் இடறுகிறது. ஒரு மாலிலிருந்து அதன் மூன்றிலொன்றையும் மூன்று திர்ஹத்தையும் நீக்கி, எஞ்சியதைத் தன்னாலேயே பெருக்கினால் அதே மால் மீள்கிறது என்றொரு கணக்கு. விடை ஒன்பது. இங்கு மால் வெறும் தொகையே. ஆசிரியர் அதையே ஷைஃ எனக் கொண்டு தீர்க்கிறார். வர்க்கத்தைத் தெரியாத முதற்கணியமாகக் கொள்வதேன் என்று ஆங்கில வாசகர் திகைக்கிறார். அரபு வாசகருக்கு அத்திகைப்பு எழாது. தமிழில் பெயர்ப்போருக்கும் வேறொரு சங்கடம் உண்டு: ஷைஃ, மால் இரண்டையுமே நாம் 'பொருள்' என்போம்! லத்தீனில் பெயர்த்தோர் இரண்டையும் பிரித்தே வைத்தனர். ஷைஃக்கு அவர்கள் இட்ட சொல்லே இத்தாலியரிடம் 'கோசா'வாயிற்று.

இதனினும் பெரிய குறை நூலின் பிற்பகுதியில். நூலில் ஏறத்தாழப் பாதி, வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள். அவற்றின் தீர்வுகள் வாரிசுகளுக்குச் சாதகமாகத் தன்னிச்சையான நிபந்தனைகளைப் புகுத்துகின்றன என்று ரோசன் குறைகூறினார். மரண நோயாளி வழங்கும் கொடையும் மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது என்னும் ஃபிக்ஹ் விதி போன்றவை கணக்கின் தரவுகளே என்பதை அவர் கருதவில்லை. சாலமன் கான்ட்ஸ் 1938இல் எழுதிய விரிவான கட்டுரையில், அத்தீர்வுகள் சட்டத்திலிருந்தே பிறப்பவை என நிறுவி, குவாரிஸ்மி மீதான பழியை நீக்கினார். அதற்கு நூற்றேழு ஆண்டுகள் ஆயின.