இறால் குட்டைக்கு ஒரு டி.ஓ. மீட்டர்: ஒய்.எஸ்.ஐ. புரோ20

வனாமி இறால் வளர்ப்பவருக்கு விடியலுக்கு முந்தைய நேரம்தான் சோதனை. பகலெல்லாம் ஆக்சிஜன் தந்த பாசியே இரவில் அதை இழுத்துக்கொள்ளும். அடியில் படிந்த கழிவும் மிச்சத் தீனியும் தம் பங்கை எடுக்கும். நீரில் கரைந்த ஆக்சிஜன் (டி.ஓ.) லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவனம் தேவை. 3-க்குக் கீழே ஆபத்து. எந்த ஏரேட்டரை எப்போது ஓட்டுவது என்பதை அந்த ஒற்றை எண்தான் முடிவு செய்கிறது. வேதாரண்யம் பக்கத்துக் குட்டை ஒன்றில் இந்தக் கருவியை அந்த நேரத்தில்தான் இறக்கிப் பார்த்தேன்.

ரப்பர் உறை போட்ட உடம்பு ஈரக் கையிலும் நழுவவில்லை. இரண்டு சி அளவு பேட்டரிகளில் ஓடுகிறது. தண்ணீர் புகாது. மற்றபடி எல்லாம் கேபிளின் நுனியிலுள்ள சென்சாரில்தான்.

ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை அளக்க லேலண்ட் கிளார்க் 1950-களில் மின்முனைகளை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடினார். அதே வழிதான் இங்கும். ஆக்சிஜன் படலத்தைக் கடந்து உள்ளே வருகிறது; எதிர்மின்முனையில் எலக்ட்ரான்களைப் பெற்று ஒடுக்கமடைகிறது; எவ்வளவு ஆக்சிஜனோ அவ்வளவு மின்னோட்டம். புரோ20-இல் போலரோகிராஃபிக், கால்வானிக் என்று இருவகை சென்சாரும் பொருந்தும். முன்னதற்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அது நிலைப்பட ஏறக்குறைய பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கால்வானிக் வகையில் துத்தநாகமும் வெள்ளியும் தாமே மின்சாரம் உண்டாக்கிக்கொள்வதால், சுவிட்சைப் போட்டதும் வேலை தொடங்கிவிடும். கருவி அணைந்திருக்கும்போதும் துத்தநாகம் தேய்ந்துகொண்டே இருப்பதால் ஆயுள் குறைவுதான். இருந்தாலும் குட்டைக்கரைக்கு கால்வானிக்கையே சொல்வேன். இறால் தலைதூக்கும் வேளையில் பத்து நிமிடம் பெரிது.

அளவுதிருத்தம் எளிது. ஈர ஸ்பஞ்சு வைத்த உறையில் சென்சாரைப் போட்டு, நீராவி நிறைந்த காற்றை 100 சதவீதமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். அதற்கு வேண்டிய காற்றழுத்தமானி உள்ளேயே இருக்கிறது.

உப்புத்தன்மையை மட்டும் நாம்தான் கையால் பதிய வேண்டும். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்சார் உணர்வது ஆக்சிஜனின் அழுத்தத்தை. மில்லிகிராம் என்பது கருவி போடும் கணக்கு. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் சுமார் 7.6 மில்லிகிராம் கொள்ளும்; 20 பி.பி.டி. உப்புநீர் 6.7 மட்டுமே கொள்ளும். உப்பைப் பூஜ்ஜியத்தில் விட்டால், உண்மையில் 4 இருக்கும் தண்ணீரை 4.5 என்று காட்டி நம்மைத் தூங்க வைத்துவிடும். மழை பெய்து உப்பு இறங்கிய மறுநாளும் மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று, இவ்வகைச் சென்சார் அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்கிறது. சென்சாரை அசைக்காமல் தொங்கவிட்டால் படலத்தை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் வற்றி, எண் இறங்கிக்கொண்டே போகும். நொடிக்கு அரையடி வேகத்திலாவது அசைக்க வேண்டும். ஒளிமுறை சென்சார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல்.

படல மூடியில் மஞ்சளையே வாங்குங்கள். நீலம் தடிமனானது, எண் நிலைக்க இரு மடங்கு நேரம் எடுக்கும். மூடியையும் உள்ளிருக்கும் கரைசலையும் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே ஒரு சிறு காற்றுக்குமிழி தங்கியிருந்தாலும் கழற்றித் திரும்ப நிரப்புங்கள். அடிச்சேற்றில் சென்சாரைப் புதைய விடாதீர்கள். அங்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு படலம் தாண்டிப்போய் வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும்.